எண்ணெய்ப் பங்குகளை விற்றுவிட்டு வாக்களியுங்கள்

அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் நியூஜெர்சியில் வசிக்கும் தமிழன். குடியுரிமை பெற்று இங்கே வாக்களிக்கிறவன். வேலைக்குப் போக நாற்பது மைல், திரும்பி வர நாற்பது மைல். அந்த வழியில் ரயில் கிடையாது, கார்தான்.

2022 ஜூனில் பெட்ரோலின் சராசரி விலை நாடு முழுக்க கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. முந்தைய ஜூனில் 3 டாலர் சொச்சம்தான். எனக்கு மட்டும் வாரத்துக்கு முப்பது டாலர் கூடுதல் செலவு. எங்கள் மாநிலத்தில் நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது, ஊழியர்தான் போடுவார். அந்த நாட்களில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் 'ஃபுல்' என்று சொல்வதையே விட்டுவிட்டார்கள். "இருபது டாலருக்குப் போடுங்கள்" என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

விலையை ஏற்றியது நீங்கள் என்று சொல்ல வரவில்லை. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது, கொரோனா காலத்தில் மூடிய சுத்திகரிப்பு ஆலைகள் சில திறக்கவே இல்லை. இதெல்லாம் தெரியும். ஆனால் அதே ஆண்டில் எக்ஸான்மொபில் என்ற எண்ணெய் நிறுவனம் ஈட்டிய லாபம் 5,500 கோடி டாலருக்கு மேல். இன்னொரு எண்ணெய் நிறுவனமான செவ்ரான் ஈட்டியது 3,500 கோடி டாலருக்கு மேல். அந்தப் பணத்தில் ஒரு பகுதி பங்குதாரர்களுக்குப் போகிறது. பங்குதாரர்களில் உங்களில் சிலரும் இருக்கிறீர்கள். நீங்களே தாக்கல் செய்யும் சொத்துக் கணக்கில் அது இருக்கிறது.

2022 மே மாதம், எரிபொருளை அநியாய விலைக்கு விற்பதைத் தடுக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 217-207 என்று நூலிழையில் நிறைவேறியது. மேலவையான செனட்டைத் தாண்டவில்லை. அந்தச் சட்டம் வந்திருந்தால் விலை இறங்கியிருக்குமா என்பதில் பொருளாதாரம் படித்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. எதிர்த்தவர்களுக்கு நியாயமான காரணங்கள் இருந்திருக்கலாம். சரி, ஆனால் வாக்களித்தவரின் வீட்டில் எண்ணெய்ப் பங்கு இருந்தால், அவர் சொல்லும் காரணத்தை நான் எப்படி நம்புவது?

2012-இல் நீங்கள் கொண்டுவந்த ஸ்டாக் சட்டம், உறுப்பினர்கள் பங்கு வாங்குவதையும் விற்பதையும் 45 நாட்களுக்குள் தெரிவித்தால் போதும் என்கிறது. தாமதித்தால் முதலில் 200 டாலர் அபராதம், அதையும் தள்ளுபடி செய்யலாம். தொகையைக்கூட 15,001 முதல் 50,000 டாலர் வரை என்று வரம்பாகச் சொன்னால் போதும்.

அரசின் எரிசக்தித் துறையில் வேலை பார்க்கும் ஓர் அதிகாரி, தனக்குப் பெரிய பங்கு உள்ள நிறுவனத்தின் கோப்பைக் கையாண்டால் அது கிரிமினல் குற்றம். அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாது. எக்ஸான்மொபில் தலைவராக இருந்த ரெக்ஸ் டில்லர்சன் 2017-இல் வெளியுறவு அமைச்சரானபோது அந்த நிறுவனத்தோடு இருந்த பணத் தொடர்பை அறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அமைச்சருக்கு உள்ள கட்டுப்பாடு, சட்டம் இயற்றுகிறவருக்கு ஏன் வேண்டாம்?

என் அப்பா பள்ளி ஆசிரியர். நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய வருடம் அவர் தேர்வுப் பணிக்கே போகவில்லை. அவர் நேர்மையில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகப்பட ஒருவருக்குக்கூட இடம் தரக்கூடாது என்பதற்காக ஒதுங்கி நின்றார். உங்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான்.

உறுப்பினர்கள் தனித்தனி நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கத் தடை போடுவது பற்றி 2022 முழுக்கப் பேசினீர்கள். அந்த ஆண்டு முடியும்வரை அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீங்களும் உங்கள் துணைவரும் வைத்திருக்கும் எண்ணெய், எரிவாயு நிறுவனப் பங்குகளை இப்போதே விற்றுவிடலாம். அது முடியாதவர்கள் எரிசக்திக் குழுக்களில் உட்கார வேண்டாம்.

இந்த மடலை ஆங்கிலத்திலும் எழுதி என் தொகுதி உறுப்பினருக்கு அனுப்புகிறேன். உங்கள் வீட்டில் எண்ணெய்ப் பங்கு இருக்கிறதா, இருந்தால் எந்தத் தேதிக்குள் விற்பீர்கள்? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
நியூஜெர்சியிலிருந்து ஒரு வாக்காளர்