எங்கம்மாவுக்கு ஒரு இ-பாஸ்: அடுத்த ஊரடங்குக்கு விதி எழுதப்போறவங்களுக்கு

அதிகாரிகளே, வணக்கம்.

2020 மார்ச் 16 எனக்கு முதல் கீமோ, மார்பகப் புற்றுநோய். அடுத்த வாரம் 24ஆம் தேதி சாயங்காலம் 144 போட்டாச்சு. அப்போ பொண்ணுக்கு 7 வயசு, பையனுக்கு 3. மூணு வாரத்துக்கு ஒருக்க நாலு தடவை சிவப்பு மருந்து, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணுன்னு பன்னெண்டு ஊசி, இது டாக்டர் போட்ட கணக்கு. நாங்க போட்ட கணக்கு, திருநெல்வேலியிலேர்ந்து எங்கம்மா வந்து ஆறு மாசம் பிள்ளைங்களைப் பாத்துக்குவாங்கங்கிறது. டிக்கெட்கூட எடுத்து வச்சிருந்தாங்க.

அப்புறம்தான் மாவட்டம் விட்டு மாவட்டம் போக பாஸ், இ-பாஸ்னு வந்துச்சு. கல்யாணம், சாவு, அவசர மருத்துவம்னா கிடைக்கும். அம்மா நோயாளி இல்ல, நோயாளியான நான் சென்னையிலயே இருக்கேன், அதனால அவங்க வர்றது மருத்துவத்துல சேராதுன்னு ரெண்டு தடவை தள்ளிட்டாங்க. என் சாவுக்குன்னா வந்திருக்கலாம், என் பிள்ளைங்களுக்கு சோறு பொங்கிப்போட வர முடியல.

ஆஸ்பத்திரில ஒரு அட்டெண்டர்தான், குழந்தைங்களை உள்ள விடமாட்டாங்க. அது சரிதான், வெள்ளை அணு கவுண்ட் குறைஞ்சு கிடக்கிறவங்க இருக்கிற வார்டு அது. ஆனா பஸ் இல்ல, ஆட்டோ இல்ல, அக்கம்பக்கத்துல பயந்துபோய் யாரும் கதவைத் திறக்கல, அவங்களை நான் குறை சொல்லமாட்டேன், அதனால வீட்டுக்காரர் என்னை பைக்ல விட்டுட்டு திரும்பிவர்ற ஒரு மணி நேரம் பிள்ளைங்க ரெண்டும் தனியா, மறுபடி என்னைக் கூப்பிட வர்றப்பவும் அதே மாதிரிதான். சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழட்டி பரண்ல வச்சு, பாத்ரூம் வாளித் தண்ணியைக் கொட்டிட்டு, வெளிய பூட்டு போட்டுட்டுப் போவோம். தம்பியைப் பாத்துக்கன்னு 7 வயசுப் பிள்ளைகிட்ட சொல்லிட்டு.

ஏப்ரல் 16 ராத்திரி 101 காய்ச்சல். கீமோ எடுக்கிறவங்களுக்கு 100.4 தொட்டாலே ஓடணும், வெள்ளை அணு குறைஞ்சிருக்கும், ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஏத்தணும், லேட்டானா கிருமி ரத்தத்துல பரவி உயிருக்கே ஆபத்து. நாங்க போன இடத்துல காய்ச்சல்னு சொன்னதுமே கொரோனா பக்கம் அனுப்பி, ரிசல்ட் வந்தாதான் மத்ததெல்லாம்னு உட்கார வச்சுட்டாங்க. விடிய விடிய சேர்ல இருந்தேன். காலைல டூட்டிக்கு வந்த ஒரு சின்ன வயசு டாக்டரம்மா ஃபைலைப் பாத்து பதறிப்போய் அங்கயே ட்ரிப்ஸ் போட வச்சாங்க, அவங்க நல்லா இருக்கணும். அன்னிக்கு ராத்திரி பிள்ளைங்க அழுத சத்தம் கேட்டு கீழ்வீட்டு அக்கா மாஸ்க்கைக் கட்டிக்கிட்டு மாடியேறி வந்து கூடப் படுத்திருக்காங்க, அவங்களுக்கும் உள்ளுக்குள்ள பயம்தான்.

நான் கேக்கிறது ரெண்டுதான். வீட்ல கீமோ எடுக்கிறவங்களும் சின்னப் பிள்ளைங்களும் இருந்தா, பாத்துக்க வர்ற ஆளுக்கு பாஸ் குடுக்க அதையும் ஒரு காரணமா எழுதுங்க, ஆஸ்பத்திரி ஊசித் தேதி போட்டுத் தர்ற சீட்டையே ஆதாரமா எடுத்துக்குங்க. அப்புறம் கீமோ ஃபைலோட காய்ச்சல்னு யார் வந்தாலும் ஒரு பக்கம் கொரோனா டெஸ்ட் எடுங்க, அதே நேரத்துல ஆன்டிபயாடிக்கும் ஏறட்டும். ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வைக்காதீங்க.

விண்ணப்பிச்ச எல்லாருக்கும் இ-பாஸ்னு ஆகஸ்ட் 17லேர்ந்து குடுத்தாங்க, அன்னிக்கு எனக்கு பன்னெண்டுல பத்தாவது ஊசி, அவ்வளவு தூரம் தனிக் கார் பிடிக்க எங்ககிட்ட பணமில்ல. ஆகஸ்ட் 31 கடைசி ஊசி. செப்டம்பர் 1லேர்ந்து மாநிலத்துக்குள்ள இ-பாஸே வேண்டாம்னுட்டாங்க. பஸ் ஓட ஆரம்பிச்ச பிறகு அம்மா வந்து இறங்கினாங்க, என் மொட்டைத் தலையைத் தடவிட்டு ஒண்ணும் பேசாம நேரா அடுப்படிக்குப் போயிட்டாங்க. பையன் பின்னாடியே போய் அவங்க சேலையைப் பிடிச்சு இழுத்து, நீயும் வெளிய பூட்டிட்டுப் போயிருவியா ஆச்சின்னு கேட்டான்.