அந்த நேரசூசியைத் திரும்பப் பெறுங்கள்

திருகோணமலை மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கும் பாடசாலை அதிபர்களுக்கும்,

வணக்கம். சாதாரண தரப் பரீட்சைக்கான வழிகாட்டல் கருத்தரங்கில் தரம் 11 பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட நேரசூசியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்தப் பாடசாலை, பேச வந்தவர் யார் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். பாடசாலை விட்டதும் ஒன்றரை மணி நேரம், நள்ளிரவு 12 முதல் 3 வரை மூன்று மணி நேரம், சாதிக்க நினைப்பவனுக்கு இந்த நித்திரை போதும் என்று அதில் அச்சடித்திருக்கிறது. அதைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

என் மகள் அதை அப்படியே கடைப்பிடித்தாள். வேண்டாம் என்றேன். "பள்ளிக்கூடத்தில் தந்தது அம்மா" என்றாள். நாங்கள் நிலாவெளி. பாடசாலை விட்டு வீட்டுக்கு வந்து, மறுபடி ரியூசனுக்கு நகரத்துக்குப் போக பஸ் நேரம் ஒத்துவராது. ஆகவே அந்தப் பகல் நித்திரை அவளுக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. மிஞ்சியது இரவின் மூன்று மணி நேரம்.

சென்ற மாதம் ஒரு பின்னேரம், ரியூசன் முடிந்து பஸ் ஏறியவள் புத்தகப் பையை மடியில் அணைத்தபடி உறங்கிப்போனாள். நான் நிலாவெளியில் தெருவோரம் காத்துநிற்க, அந்தப் புல்மோட்டை பஸ் என்னைத் தாண்டிப் போனது. நடத்துனர் தட்டி எழுப்பியபோது குச்சவெளி வந்துவிட்டது. நன்றாக இருட்டியும் விட்டது. பிள்ளையின் கையில் தொலைபேசி இல்லை. அந்த மனிதர் தன்னுடையதிலிருந்து எனக்கு அழைத்துச் சொல்லி, தனக்குத் தெரிந்த கடைக்கார அம்மா ஒருவரிடம் அவளை ஒப்படைத்துவிட்டே பஸ்ஸை எடுக்க விட்டார். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். நடத்துனர் வேறொருவராக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நேரசூசியை அச்சடித்தவர்களில் யார் இதற்குப் பதில் சொல்வார்கள்?

அன்றிரவு அவளுடைய கணிதக் கொப்பியைப் பிரித்துப் பார்த்தேன். பைதகரசின் தேற்றத்தை மூன்று வரி ஒழுங்காக எழுதியிருக்கிறாள். நான்காம் வரியில் எழுத்துகள் சரிந்து, பேனை தாளின் ஓரம்வரை கோடாக இழுபட்டிருக்கிறது. அடுத்த பக்கத்திலும் அதே கோடு. படித்தது மனத்தில் பதிவதற்கு நித்திரை வேண்டும். அதைப் பறித்துவிட்டு விடிய விடியப் படி என்றால் எது பதியும்?

13 முதல் 18 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர நித்திரை வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அக்கடமி 2016இல் பரிந்துரைத்தது. நித்திரையைத் துண்டு துண்டாக்கி மொத்த நேரத்தைக் குறைக்கும் முறைகளை ஆராய்ந்த அந்நாட்டு நிபுணர் குழுவொன்று, அவற்றால் நன்மை இருப்பதற்குச் சான்றில்லை, அவற்றைப் பரிந்துரைக்க முடியாது என்று 2021இல் முடிவு சொன்னது. நித்திரை வரவைக்கும் மெலற்றோனின் என்ற ஹோர்மோன் பருவ வயதில் உடம்பில் சுரப்பதே பிந்துகிறது. பிள்ளை இரவில் நேரத்தோடு கண்ணயராததும் காலையில் எழும்பச் சிணுங்குவதும் சோம்பல் அல்ல. கனவு நித்திரை அதிகம் வருவது விடியற்புறத்தில்தான். மூன்று மணிக்கு எழுப்பினால் முதலில் பறிபோவது அதுவே. பின்னேரத்தில் இருபது நிமிடம் கண்ணயர்வதை நான் குறைசொல்லவில்லை. இரவு நித்திரைக்கு அது ஈடாகாது என்கிறேன்.

பகலில் வீட்டுக்குப் போகக்கூடிய பிள்ளைகளுக்கு மட்டும் என்ன கிடைக்கிறது? வெப்பமான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மணி வெயிலில் படுத்துப் பார்த்தவர் எவரும் அப்படியொரு வரியை எழுதமாட்டார்.

கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பாடசாலைகள் காலை 8.30க்கு முன் தொடங்கக்கூடாது என்பது சட்டம். இங்கே 7.30 மணியே போதாதென்று அதற்கும் முன்னால் மேலதிக வகுப்பு, ஞாயிற்றுக்கிழமையும் ரியூசன், பெறுபேறு வந்ததும் ஒன்பது ஏ எடுத்தவர்களின் படம் மதில் நிறைய. 1996இல் நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளியபோது இருட்டில் பாடசாலைக்குப் போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி. 2006இல் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். நாடே தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. ஒரு தாளைத் திரும்பப் பெறுவதில் உங்களுக்கு என்ன தடை?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். ரியூசனைப் பற்றியும் மதில் படங்களைப் பற்றியும் பிறகு பேசலாம். இப்போது பணிவோடு கேட்பது ஒன்றே: அந்த நேரசூசியைத் திரும்பப் பெறுங்கள். அதிபர்களே காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் முன் நின்று, அது வேண்டாம், இரவில் உறங்குங்கள் என்று சொல்லட்டும். நாங்கள் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்கள். பரீட்சைக்கு இன்னும் காலம் இருக்கும்போதே தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நிலாவெளியிலிருந்து ஒரு தாய்