எல்லையோரப் பட்டாளத்துக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நகரி, புத்தூர், திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரத்து முன்னாள் படைவீரர் சங்கங்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் இறந்துபோன நம் ஊர்ப் பிள்ளைகளின் விவரங்களை வீடு வீடாகப் போய் எழுதி எடுக்க வேண்டும், அதை ஆந்திர-தமிழ்நாடு எல்லைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். உங்களை விட்டால் இதைச் செய்ய வேறு ஆளில்லை.

என் தாத்தாவின் அண்ணன் பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர். "பர்மா சண்டையில போயிட்டார்" என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. எந்தப் படைப் பிரிவு, எந்த வருஷம், உடலை என்ன செய்தார்கள், எதுவும் சொல்ல ஆளில்லை. அவர் மனைவி, எங்கள் பெரியாயா, கடைசிவரை வாங்கிய பென்ஷனின் காகிதம் ஒன்று பழைய டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதில் தாத்தாவின் அண்ணனுடைய படை எண், அதாவது பட்டாளத்தில் அவருக்கென்று கொடுத்த தனி எண், இருந்தது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடியதில்தான் பெயர் கிடைத்தது. யாங்கோனுக்கு வடக்கே தாக்கியான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் அவர் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். எங்கே கிடக்கிறார்கள் என்றே தெரியாத கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்கள் அந்தக் கல்லில் இருக்கின்றன. பெரியாயா உயிரோடு இருந்தபோது இதை யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.

எண் ஏன் முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் மற்ற குடும்பங்களுக்காகச் சொல்கிறேன். நம் பக்கம் முனுசாமி இல்லாத தெரு உண்டா? சேர்த்துக்கொண்ட அதிகாரி காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால், ஒரே முனுசாமி நாலைந்து விதமாகப் பதிவாகியிருக்கிறார். அதனால் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் திண்டாட்டம்தான்.

ஊரை வைத்துத் தேடலாம் என்றால் அங்கே இன்னொரு சிக்கல். போர்க் காலத்தில் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சித்தூர் மாவட்டம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் அந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது 1997-இல். 2022-இல் ஆந்திரத்துப் பக்கமும் மாவட்டங்களைப் பிரித்து, புத்தூரைத் திருப்பதி மாவட்டத்தில் வைத்துவிட்டார்கள். போரில் இறந்தவர்களின் கல்லறைகளையும் பெயர்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் சிலருக்கு அப்பா பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் இருக்கும். ஆனால் அது அன்றைய மாவட்டம். திருவள்ளூர் என்று தேடுகிற பேரனுக்குத் தன் தாத்தா அகப்படவே மாட்டார்.

எழுத்தும் பிரிந்து கிடக்கிறது. நகரியில் பல வீடுகளில் பெரியவர்கள் எழுதிய தமிழ்க் கடிதங்கள் இருக்கின்றன, ஆனால் தெலுங்கில் படித்த பேரப்பிள்ளைகளால் அவற்றைப் படிக்க முடியவில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கும் இதே கதைதான். கடிதத்தில் இருக்கும் இடத்தைச் சொல்லக் கூடாது என்று தணிக்கை இருந்ததால் "நான் சௌக்கியம்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து தடுங்கள். உறையின் மேல் இருக்கும் ராணுவத் தபால் முத்திரை எண்ணை வைத்தே ஆள் எந்தப் பக்கம் இருந்தார் என்று தேடிப் பார்க்க வழி உண்டு.

மெடல்களும் அப்படித்தான். அந்தப் போரில் இந்தியப் படையினருக்குக் கொடுத்த மெடல்களில் எண்ணும் பெயரும் வெட்டித்தான் கொடுத்தார்கள். நட்சத்திர மெடல் என்றால் பின்பக்கம், வட்டமானது என்றால் விளிம்பு. அவை வெள்ளிகூட இல்லை, எடைக்குப் போட்டால் ஒரு டீச் செலவுக்குத்தான் வரும். போட்டுவிட்டால் எண் போய்விடும்.

படை ஆவணங்கள் பிரிவுவாரியாகத்தான் இருக்கின்றன. சப்பர்கள், அதாவது பாலம், பாதை போடும் பொறியியல் படையினர், என்றால் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், பீரங்கிப் படை என்றால் நாசிக். எந்தக் கதவைத் தட்டுவது என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. ஒரு பேத்தி தனியாக எழுதும் கடிதத்துக்கு வராத பதில், உங்கள் சங்கத்தின் லெட்டர்பேடில் போனால் வரும் என்று நம்புகிறேன். எனக்கு ஓர் அலுவலகத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை.

அப்புறம் ஒன்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டவர்களில் பலர் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். அதை வெளியே சொல்லவே பயந்து வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. அவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களும் நம் பட்டாளத்துக்காரர்கள்தான்.

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு மாநிலத்து ஜனமும் திருத்தணிக்கு வரத்தான் போகிறது. அந்தச் சமயத்தில் மலையடிவாரத்தில் ஒரு மேசை போட்டு உட்காருவோம். பெயர், அப்பா பெயர், படை எண், அன்றைய ஊர், இன்றைய ஊர், இவ்வளவு எழுதினால் போதும். தமிழும் தெலுங்கும் எழுத நான் வருகிறேன். நீங்கள் சீருடை மெடல்களோடு வந்து உட்கார்ந்தால், வீட்டில் இருப்பதை ஜனங்கள் தைரியமாக எடுத்து வந்து காட்டுவார்கள்.

இப்படிக்கு,
பட்டாளத்துக் குடும்பத்துப் பேத்தி ஒருத்தி,
நகரி.