இருளையும் ஒழுங்காகக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய திரையரங்க உரிமையாளர்களுக்கும் புரொஜெக்டர் அறையில் பணிபுரியும் ஆபரேட்டர்களுக்கும்,

வணக்கம். மேட் ரீவ்ஸ் இயக்கத்தில் 2022-ல் வெளிவந்த 'தி பேட்மேன்' படத்தை இரு வேறு அரங்குகளில் பார்த்த ரசிகன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இரண்டிலும் ஓடியது ஒரே படம்தான் என்று யாரேனும் சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும்.

படத்தின் தொடக்கத்தில், வானில் வௌவால் சின்னம் ஒளிர்ந்ததும் கோதம் நகரத்துக் குற்றவாளிகள் அருகிலுள்ள இருட்டு மூலையை அச்சத்துடன் திரும்பிப் பார்க்கிறார்கள். பேட்மேன் அங்கே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த ஐயம் நமக்கும் தொற்ற வேண்டுமானால், இருளுக்குள் எதையோ தேடும் அளவுக்காவது திரையில் விவரம் தெரிய வேண்டும். நான் முதலில் பார்த்த அரங்கிலோ படிக்கட்டு விளக்குகளின் வெளிச்சம் திரையில் படிந்து, கறுப்பெல்லாம் சாம்பலாகி, காட்சியே மங்கிக் கிடந்தது. இடைவேளையில் முறையிட்டதற்கு, "படமே அப்படித்தான் சார்" என்ற பதில் கிடைத்தது.

படம் அப்படியில்லை என்பது இரண்டாவது அரங்கில் தெரிந்தது. முகமூடியைக் கழற்றிய பிறகும், பேட்மேனாக நடித்த ராபர்ட் பேட்டின்சனின் கண்களைச் சுற்றிக் கறுப்பு மை கலைந்து அப்பியிருக்கிறது. உறங்காத, தன்மேலேயே வெறுப்புற்ற ஓர் இளைஞனை எந்த வசனமும் இன்றி அந்த மை காட்டிவிடுகிறது. துப்பாக்கிகள் வெடிக்கும் ஒளியில் மட்டுமே தெரியும் அந்த நடைவழிச் சண்டையில், ஒவ்வொரு மின்னலுக்கும் அவன் ஓரடி நெருங்கியிருப்பதைக் கண்டபோது, நாயகனைப் பார்த்தே எனக்குப் பயம் வந்தது. வந்திருக்கவும் வேண்டும், ஏனெனில் தன்னைப் பழிவாங்கல் என்று அழைத்துக்கொண்டவன், அதே சொல்லை இறுதியில் ஒரு கொலையாளியின் வாயிலிருந்து கேட்டு உறைந்து போகிறான். அதன்பின் வெள்ளம் சூழ்ந்த அரங்கில் சிவப்புத் தீப்பந்தமொன்றை ஏந்தி மக்களுக்கு வழிகாட்டுகிறான். 176 நிமிடப் படத்தில் அதுவரை சேர்த்துவைத்த இருள் முழுவதும் அந்தச் சிவப்புக்காகத்தான் என்பது என் கருத்து. கறுப்பு சாம்பலாகிவிட்ட திரையில் அந்தச் சிவப்பும் எடுபடாது.

ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசரும் குழுவினரும் டிஜிட்டலில் எடுத்ததைப் படச்சுருளில் பதித்து, மீண்டும் ஸ்கேன் செய்து அந்தச் சாயலைப் பெற்றார்கள். அவ்வளவு உழைப்பையும் புரொஜெக்டருக்கு ஒளி தரும், முனை தேய்ந்த ஒரு செனான் விளக்கு வீணாக்கிவிடுகிறது. சாதாரண 2டி படத்துக்குத் திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட், அதாவது சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா ஒளி இருக்க வேண்டும் என்ற தர அளவு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயுள் முடிந்த விளக்கை மாற்றாமல் ஓட்டுவது, 3டி படத்துக்குப் பொருத்திய வடிப்பானைக் கழற்றாமலே 2டி படத்தைத் திரையிடுவது, புரொஜெக்டர் அறைக் கண்ணாடியைத் துடைக்காமல் விடுவது ஆகியவை ஒளியைக் கணிசமாகக் குறைத்துவிடும். பகல் வெளிச்சத்தில் நடக்கும் படங்களில் இந்தக் குறை ஓரளவு மறைந்துவிடுகிறது (மறைவதால்தான் யாரும் கவனிப்பதில்லை போலும்). இருண்ட படங்களில் பழி இயக்குநர் மேல் விழுகிறது.

ஆகவே திரையின் ஒளியை உரிய கருவியால் குறித்த காலத்தில் அளக்கவும், கடைசியாக அளந்த தேதியையும் கிடைத்த அளவையும் அரங்க வாசலில் ஒட்டவும், முறையீடு வந்தால் ஒருவர் உள்ளே வந்து திரையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லவும் ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்