எதுகை இல்லை என்று கவிதையைத் திருப்பாதீர்கள்

மாணவர் கவிதைப் போட்டியை நடத்தும் குழுவினருக்கும் நடுவர்களுக்கும், வணக்கம்.

பேரணாம்பட்டுப் பக்கத்து மாணவி ஒருத்தியின் கவிதையை நீங்கள் திருப்பி அனுப்பியதும், அவள் மாற்றி எழுதித் தந்ததும் அதற்கே மூன்றாம் பரிசு கொடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். விதிமுறைகளை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, எழுதியவர்கள் நீங்கள்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. 'எதுகை, இயைபு இல்லாதவை ஏற்கப்படா' என்ற விதியை எடுத்துவிடுங்கள். (அடிகளின் இரண்டாம் எழுத்து ஒத்து வருவது எதுகை, அடிகளின் இறுதி ஒத்து வருவது இயைபு.)

அவள் முதலில் எழுதியது இது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே தருகிறேன்.

அம்மா ஆயிரம் பீடி சுற்றுவாள்.
தூங்கும்போதும்
அவள் கட்டைவிரல்
ஆள்காட்டி விரலைத்
தேய்த்துக்கொண்டே இருக்கும்.

திரும்பி வந்த தாளில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'இது கவிதை அல்ல. எதுகை, இயைபு சேர்த்து எழுதவும்.' பிள்ளை சொன்னபடி செய்தாள். பரிசு வாங்கிய கவிதை இப்படித் தொடங்குகிறது:

அன்னையின் கரங்கள் அயராது உழைக்கும்
அவள்தரும் அன்பால் அகிலமே தழைக்கும்

உழைக்கும், தழைக்கும் என்று இயைபு வந்துவிட்டது. முதலெழுத்து ஒத்து வரும் மோனைக்கும் குறைவில்லை. பீடி போய்விட்டது. விரல் போய்விட்டது. இந்த இரண்டு அடிகளை எந்த ஊரில் எந்தப் பிள்ளையும் எந்த அம்மாவைப் பற்றியும் எழுதலாம். முதலில் எழுதியதை அப்படி எழுத முடியாது. இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, பகலெல்லாம் செய்த வேலை தூக்கத்திலும் விரலை விடவில்லை என்பது பக்கத்தில் படுத்திருந்த பிள்ளைக்குத்தான் தெரியும். குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் பீடித் தொழிலாளர் பாடு பற்றி எத்தனையோ மேடைப் பேச்சு கேட்டிருக்கிறேன். இந்த விரலைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை. 'தூங்கும்போதும்' என்ற சொல்லைத் தனி அடியாக நிறுத்தியிருக்கிறாளே, அங்கே நாமும் ஒரு கணம் நிற்கிறோம். அடியை எங்கே முறிக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் சொல்லித் தரவில்லை.

பரிசு வாங்கிய பாட்டை வீட்டில் படித்துக் காட்டினாயா என்று கேட்டேன். "அதுல எங்கம்மா எங்க டீச்சர் இருக்காங்க?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

மரபைக் காக்கவே இந்த விதி என்று விழாவில் பேசினீர்கள். எந்த மரபு? தொல்காப்பியம் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளை அடுக்குகிறது. எதுகை, மோனை, இயைபு எல்லாம் அடங்கிய 'தொடை' அவற்றில் ஒன்றே ஒன்று. நின்று பார்க்க வைக்கும் நோக்கு, உணர்ச்சியைக் காட்டும் மெய்ப்பாடு, பயன், பொருள் என்று மற்றவையும் அங்கேதான் இருக்கின்றன. உங்கள் மதிப்பெண் தாளில் அவற்றுக்கு ஓர் இடமும் இல்லை. அது மட்டுமா? எதுகை, மோனை போன்ற எந்தத் தொடையும் அமையாமல் வருவதைத் தொல்காப்பியரே செந்தொடை என்று பெயரிட்டு இலக்கணத்துக்குள் சேர்த்திருக்கிறார். இலக்கணம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பூட்டியது நீங்கள்.

'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று தொடங்கும் குறுந்தொகை 40ஆம் பாட்டை உங்கள் போட்டிக்கு அனுப்பினால் என்ன ஆகும்? ஐந்து அடிகள். அடிகளுக்கிடையே எதுகை இல்லை. கியரோ, கேளிர், அறிதும், போல, தனவே என்று முடிகின்றன, இயைபும் இல்லை. செம்மண்ணில் விழுந்த மழைநீர் அந்த மண்ணின் நிறமாகிவிடுவதைப் பார்த்த ஒரு கண் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த உவமையையே பெயராகக் கொண்டு செம்புலப்பெயனீரார் என்று அந்தப் புலவரை இன்றுவரை சொல்கிறோம். அந்தத் தாளிலும் சிவப்பு மை விழுந்திருக்குமா?

ஓசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1989 வரை நம் பழைய வடஆர்க்காடு மாவட்டத்தோடு இருந்த திருவண்ணாமலையில்தான் அருணகிரிநாதரின் சந்தம் பிறந்தது. திருப்புகழிலிருந்து ஓசையை எடுத்துவிட்டால் பாதி உயிர் போய்விடும். தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டில் 'அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்', 'இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்' என்று ஒரே ஓசை திரும்பி வருவதற்குக் காரணம் உண்டு. நிலவு அதே நிலவு. தந்தையும் குன்றும்தான் இல்லை. இழப்பைச் சொல்லும் கடைசி இரண்டு அடிகளுக்கு வரும்போது அந்த இயைபு நின்றுவிடுகிறது. பொருளுக்குத் தேவைப்பட்ட இடத்தில் வந்தது, தேவை முடிந்ததும் விலகிக்கொண்டது. ஓசைக்கு வேலை அதுதான். விதி போட்டு வரவழைத்தால் 'அகிலமே தழைக்கும்' தான் வரும்.

காட்பாடி மேம்பாலத்திலிருந்து வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு வரை நடந்து பாருங்கள். காதுகுத்து பேனரில் எதுகை, கட்சி பேனரில் மோனை, கண்ணீர் அஞ்சலியில் இயைபு. செத்தவர் யார், எப்படி இருந்தார் என்று ஒரு வரி கிடையாது. கவியரங்க மேடைகளிலும் கைதட்டல் அடியிறுதிக்குத்தான் விழுகிறது. என்ன சொன்னார்கள் என்று படியிறங்கும்போது யாருக்கும் நினைவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை இதிலிருந்து தப்பி, கண்ணால் கண்டதை எழுதி வருகிறாள். அவளையும் இழுத்து அந்த வரிசையில் நிறுத்துகிறோம்.

இதே பழைய வடஆர்க்காட்டில், வாணியம்பாடிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்துகொண்டு அப்துல் ரகுமான் புதுக்கவிதை எழுதினார். 'பால்வீதி' வெளிவந்தது 1974இல். 1999இல் 'ஆலாபனை'க்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவருடைய மண்ணில் நடக்கும் போட்டியில் புதுக்கவிதைக்கு இடமில்லை என்பது எனக்கு ஆறவில்லை.

உரைநடையை உடைத்துப் போட்டுக் கவிதை என்று அனுப்புகிறார்களே என்பது உங்கள் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் அதை முழுதும் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடியின் கடைசி எழுத்தைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். சம்பளம் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்து இந்தப் போட்டியை நடத்துகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த அறிவிப்பு அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு வரியை நீக்குங்கள். மரபுக்கவிதையும் புதுக்கவிதையும் ஒன்றாக வரட்டும், இரண்டையும் படித்து மதிப்பிடுங்கள். இந்த ஆண்டு எதுகை இல்லை என்று ஒதுக்கிய தாள்கள் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கும்; தயவுசெய்து அவற்றை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அந்த மாணவியின் முதல் தாளைச் சிவப்பு மை இல்லாத பிரதியாக நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
குடியாத்தம்.