வேல்ஸ் என்றால் வெல்ஷ் மொழியும்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மொழிபெயர்ப்புச் சிறப்புப் பகுதியில் பிரிட்டன் பற்றிய கட்டுரையை ஆசையோடு படித்தேன். வேல்ஸ் பற்றிய பத்தியில் டிலன் தாமஸும் சில பழங்கதைகளும் மட்டும்தான் இருந்தார்கள். டிலன் தாமஸ் பெரிய கவிஞர், அதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அவர் எழுதியது ஆங்கிலத்தில். அந்த நாட்டுக்கென்று ஒரு மொழி இருக்கிறது, அதில் இன்றைக்கும் நாவலும் கவிதையும் வந்துகொண்டிருக்கின்றன என்று ஒரு வரிகூட இல்லாதது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் வடமேற்கு வேல்ஸில் பாங்கர் ஊரில் மூன்று வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். பகலெல்லாம் ஆங்கிலத்தில் நன்றாகப் பேசும் பாட்டிகள், ராத்திரி வலி வந்தால் வெல்ஷுக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். முதல் வாரமே ஒரு பாட்டியிடம் ‘ட்டி’ போட்டுப் பேசிவிட்டேன், கூட இருந்த நர்ஸ் மெதுவாக என்னைத் திருத்தினாள்: பெரியவர்களுக்கு ‘ஹி’ என்று சொல்லவேண்டும், அந்த ‘ஹ’ தொண்டையிலிருந்து வரவேண்டும். அதாவது நம் நீயும் நீங்களும்! முன்பெல்லாம் பல வீடுகளில் பிள்ளைகள் பெற்றோரையும் ‘ஹி’ போட்டுத்தான் கூப்பிடுவார்களாம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வெல்ஷ் நாவல் ஆங்கிலத்துக்குப் போகும்போது இந்த இரண்டு சொல்லும் ஒரே சொல்லாகிவிடுகின்றன, யார் யாருக்கு மரியாதை கொடுக்கிறார்கள், எந்த இடத்தில் அது குறைகிறது என்பதெல்லாம் மறைந்துபோகிறது. தமிழில் அதை அப்படியே கொண்டுவரலாம். ஆனால் ஆங்கிலப் பிரதியை மட்டும் வைத்து மொழிபெயர்த்தால் அது நம் கைக்கு வரவே வராது. கவிதையிலும் இதே கதைதான். ‘கங்ஹனெத்’ என்று அவர்களுக்கு ஒரு யாப்பு முறை உண்டு, அதன் ஒரு வகையில் அடியின் முதல் பாதியில் வந்த மெய்யொலிகள் அதே வரிசையில் இரண்டாம் பாதியிலும் வரவேண்டும். எதுகை மோனை கேட்டு வளர்ந்த காதுக்கு இதைப் புரியவைக்க நீண்ட விளக்கம் தேவைப்படாது.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் இரண்டு நாவல்களைச் சொல்வேன். காரடாக் பிரிச்சர்ட் 1961ல் எழுதிய ‘ஒரு நிலா இரவு’, பாங்கருக்குப் பக்கத்துக் கற்பலகைச் சுரங்க ஊரான பெதெஸ்டாவை வைத்து அந்த ஊர்ப் பேச்சிலேயே எழுதியது. அதில் அம்மாவை மனநல விடுதிக்குக் கொண்டுபோகும் பகுதியைப் படித்துவிட்டு நான் அன்றைக்கு வேறு எதையும் தொடவில்லை. இன்னொன்று மானன் ஸ்டெஃபன் ராஸின் ‘நெபோவின் நீலப் புத்தகம்’, உலகமே நின்றுபோன பிறகு ஒரு தாயும் மகனும் ஒரே நோட்டில் மாறி மாறி எழுதுகிறார்கள். 2018ல் தேசிய ஐஸ்டெத்வோட் என்னும் வெல்ஷ் மொழிக் கலை இலக்கிய விழாவில் உரைநடைப் பதக்கம் வாங்கியது. பிறகு ஆசிரியரே அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 2023ல் பிரிட்டனில் சிறுவர், இளையோர் நூல்களுக்குத் தரும் கார்னகி பதக்கமும் கிடைத்தது, மொழிபெயர்ப்பு நூல் ஒன்று அந்தப் பதக்கத்தை வாங்கியது அதுதான் முதல் தடவை. இது நேற்று வந்த புத்தகம், கட்டுரையில் இதற்கு இடமில்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பேசுகிறவர்கள் குறைவுதானே என்று சிலர் சொல்லலாம். 2021 கணக்கெடுப்பில் சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர், அதாவது 17.8 சதவீதம், பத்து வருடத்துக்கு முன்பு 19 சதவீதம். குறைந்திருக்கிறது, உண்மை. ஆனாலும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் வடக்கிலும் தெற்கிலும் மாறி மாறி ஐஸ்டெத்வோட் நடக்கிறது, போட்டிக்குக் கவிதைகளைப் புனைபெயரில்தான் அனுப்புவார்கள், ஜெயித்தவரின் புனைபெயரை மேடையில் வாசித்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து நிற்பார், அவர்தான் கவிஞர், அரங்கமே அவர் பக்கம் திரும்பும்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரே ஒரு வெல்ஷ் சிறுகதையையாவது வெல்ஷ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழுக்குக் கொண்டுவாருங்கள், எங்கே ‘ட்டி’ வருகிறது, எங்கே ‘ஹி’ வருகிறது என்று குறித்துக்கொடுக்கும் வேலையை நான் சந்தோஷமாகச் செய்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி