புலிநகத்துக்கு ஏன் பூண் கட்டித் தருவதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். காதுகுத்து, முதல் பிறந்தநாள் என்று வீட்டில் விசேஷம் வைக்கும்போதெல்லாம் பெங்களூர் நகரத்பேட்டையில் உள்ள எங்கள் நகைப் பட்டறைக்கு ஒரு கேள்வி வருகிறது: "ஊரில் தாத்தா வைத்திருந்த புலிநகம் ஒரு ஜோடி இருக்கிறது, தங்கத்தில் பூண் போட்டுத் தருவீர்களா?" தரமாட்டோம். பழைய பூணைக் கழற்றுவது, தேய்ந்த வளையத்தைப் பற்றவைப்பது, மெருகு போடுவது, எடைக்கு எடுத்துக்கொள்வது எதையும் செய்வதில்லை. கல்லாவில் நின்று இரண்டு நிமிடத்தில் காரணம் சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சுகிறது. அதனால் எழுதியே சொல்லிவிடுகிறோம்.

பிள்ளைக்குப் புலிப்பல் தாலி கட்டும் வழக்கம் சங்கப் பாடல்களிலேயே உண்டு. அந்த நம்பிக்கையை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. புலியின் நிலைமைதான் மாறிவிட்டது. 2006 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 1,411 புலிகள்தான் இருப்பதாக மதிப்பிட்டார்கள். 2022இல் அது 3,682 ஆனது; அதில் 563 கர்நாடகத்தில். காட்டுக்குக் காவலும் கடைத்தெருவுக்குச் சட்டமும் இருந்ததால்தான் இவ்வளவாவது மீண்டது. ஒரு புலிக்கு முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நான்கு என்று மொத்தம் 18 நகம். ஜோடி ஜோடியாகப் பதக்கம் செய்தால் ஒன்பது பிள்ளைகளோடு ஒரு புலி தீர்ந்துபோகும்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி, சிறுத்தை, யானை மூன்றும் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வேட்டைக்காரனை மட்டும் பிடித்தால் போதாது, வாங்கும் கை இருக்கும்வரை வேட்டை நிற்காது என்று புரிந்துதான் 1986இல் வியாபாரத்தையே தடுக்கும் தனி அத்தியாயத்தைச் சேர்த்தார்கள். அதன்படி இவ்விலங்குகளின் உறுப்பால் ஆன பொருளைச் செய்வதும் விற்பதும் குற்றம். விலங்குப் பொருள் என்றால் முழுக்க நகமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஏதோ ஒரு பகுதி சேர்ந்திருந்தாலே அந்த முழு நகையும் விலங்குப் பொருள். ஆக, பூண் கட்டும் ஆசாரி வெறும் கூலிக்காரர் ஆகமாட்டார். சட்டத்தின் கண்ணில் அதைத் தயாரித்தவர் ஆகிவிடுவார். பறிமுதல் என்று வந்தால் உங்கள் தங்கமும் சேர்ந்தே போகும்.

2022இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் அட்டவணை விலங்கு சம்பந்தப்பட்ட குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. இதில் பலருக்கும் தெரியாதது 57ஆம் பிரிவு. பொருள் உங்களிடம் இருந்தது என்று நிறுவப்பட்டால், அது சட்டவிரோதமாக வைத்திருந்ததல்ல என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. "பாட்டி கொடுத்தது" என்ற வாய்வார்த்தை அங்கே நிற்காது. 2023 அக்டோபரில் பெங்களூரில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்டவர், கழுத்தில் புலிநகப் பதக்கம் தெரிந்ததால் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே கைதானார். ஹால்மார்க் முத்திரை இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது தங்கத்தின் மாற்றுக்கு (தூய்மைக்கு) மட்டும் சான்று, அதில் பொதிந்திருப்பதற்கு அல்ல.

போலி நகமாக இருந்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. மாட்டுக்கொம்பிலும் குளம்பிலும் செதுக்கியவை ஏராளமாகப் புழங்குகின்றன. அசல் நகம் இரண்டு பொருளால் ஆனது: வெளியே மஞ்சள் படிந்த, சற்றே ஒளி ஊடுருவும் உறை, உள்ளே எலும்பு. பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், உறை ஏடு ஏடாக உரியும். கொம்பில் செதுக்கியதில் அடிப்பகுதி "எலும்பும்" அதே துண்டுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோடுகள் வளைவோடு திரும்பாமல் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும். ரெசினில் வார்த்தது என்றால் அச்சின் இணைப்புக்கோடும் காற்றுக் குமிழும் காட்டிக்கொடுக்கும். சூட்டூசி வைத்து முகர்ந்து பார்க்கிறவர்கள் ஏமாறுகிறார்கள். நகம், கொம்பு இரண்டுமே முடியைப் போலக் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை என்பதால் இரண்டிலும் முடி பொசுங்கும் வாடைதான் வரும். அந்தச் சோதனையில் ரெசின் மட்டுமே மாட்டும். உறுதியாகச் சொல்ல டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம் போன்ற இடங்களின் ஆய்வுக்கூடம் வேண்டும். கண்ணால் பார்த்து "இது போலிதான், போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் தைரியம் எங்களுக்கு இல்லை. சொல்கிற கடையையும் நம்பாதீர்கள்.

யானைமுடி மோதிரத்துக்கும் இதே பதில்தான். தந்த வளையலுக்கும் அப்படியே: உள்நாட்டுத் தந்த வியாபாரம் 1986 திருத்தத்தில் நின்றது, ஆப்பிரிக்கத் தந்தத்துக்கு இருந்த வழியும் 1991இல் அடைபட்டது.

வீட்டில் ஏற்கெனவே இருப்பதை என்ன செய்வது? முதலில் பழைய பெட்டியில் வனத்துறை கொடுத்த உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று தேடுங்கள். 2003 ஏப்ரலில், கையிருப்பை அறிவித்துப் பதிவுசெய்ய 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அப்போது தாத்தா பதிவுசெய்திருக்கலாம். சான்றிதழ் இருந்தால் வைத்திருக்கலாம், விற்க முடியாது. வாரிசாக உங்களிடம் வந்தால் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்திருந்தால் 30 நாளுக்குள் இங்கே தெரிவிக்க வேண்டும். குடிமாறி வருகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். கர்நாடக வனத்துறையின் தலைமை அலுவலகம் மல்லேஸ்வரம் 18ஆவது கிராஸில் உள்ள அரண்ய பவன். வேண்டாம் என்று தோன்றினால் ஏழு வேலைநாள் முன்னறிவிப்பு கொடுத்து ஒப்படைத்துவிடலாம், இழப்பீடு கிடையாது. சான்றிதழே இல்லாதவர்கள் அதை விற்காதீர்கள், யாருக்கும் பரிசளிக்காதீர்கள், எரிக்காதீர்கள், கைப்பையில் போட்டுக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகாதீர்கள். இந்தச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டு, அவர் சொல்கிறபடி எழுத்துமூலம் வனத்துறையை அணுகுங்கள். ஒப்படைத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

பிள்ளையின் கழுத்துக்கு நாங்கள் செய்து தருவது முழு உலோகத்தில் நகவடிவப் பதக்கம். மெழுகில் செதுக்கி 916 தங்கத்தில் வார்க்கிறோம். 3 செ.மீ. நீளத்தில் கெட்டியாக வார்த்தால் 9, 10 கிராம் பிடிக்கும். உள்ளே கூடாக விட்டால் 4 கிராமுக்குள் அடங்கும். கூடு விட்டதில் நுனி மெலிந்தால் குழந்தை கடித்து நசுக்கிவிடும். ஆகவே நுனியிலிருந்து அரை செ.மீ.யைக் கெட்டியாகவே விடுகிறோம், முனையையும் உருட்டிவிடுகிறோம். வெள்ளியில் கெட்டியாகச் செய்தால் 6 கிராம் போதும். மஞ்சள் மீனா (எனாமல்) பூசி நகம்போலவே ஆக்கச் சொன்னால் செய்வதில்லை, சோதனையில் உங்களுக்குத்தான் சிரமம். பில்லில் "முழுவதும் உலோகம், விலங்குப் பொருள் இல்லை" என்று எழுதி, பதக்கத்தின் படத்தையும் சேர்த்துத் தருகிறோம். விசேஷத்துக்குப் பத்து நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
பட்டறையினர்
நகரத்பேட்டை, பெங்களூரு